பல்லைக் கடித்துக்கொண்டு...

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி)

பல்லைப் பற்றித் தமிழில்தான் எத்தனை தொடர்கள்! கவரிங் நகை நாளடைவில் பல்லை இளிக்கிறது. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிறோம். பல் போனால் சொல் போச்சு என்று எச்சரிக்கிறோம். எங்கள் விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் நறநறவென்று பல்லைக் கடித்தால், முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் முகம் புதைத்துக்கொள்ளும். ஆயினும், நம் வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் தொடர் வேறொன்று. "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு." மாமியார் வீட்டில் அல்லற்படும் மகளுக்கும், தவணை கட்ட முடியாமல் திண்டாடும் தாய்க்கும், விடுதிச் சோறு பிடிக்காத மாணவிக்கும் நம்மவர்கள் தரும் ஒரே மருந்து இதுதான். பொறுமைக்குரிய உறுப்பாக நம் மொழி நெஞ்சைத் தேர்ந்தெடுக்கவில்லை, தாடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது!

இது வெறும் உவமை அன்று, உடம்பு உண்மையாகவே செய்கிற வேலை என்பதைக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு எனக்குக் கற்பித்தது. பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்தைத் தோழியரோடும் தோழர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் விடுதி அறையில் நாங்கள் எண்மர். வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். ஒருநாள் காலை அடுத்த பாய்க்காரி என்னை உலுக்கினாள். "ராத்திரி பூரா கரகரன்னு சத்தம்டி. அரிசி மூட்டையில எலி பூந்துடுச்சுன்னு நெனச்சு லைட்டைப் போட்டேன். பார்த்தா, அது உன் வாய்!" அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். உடனே வைத்தியங்கள் குவிந்தன. வயிற்றில் பூச்சி, மாத்திரை போடு என்றாள் ஒருத்தி. தூக்கத்தில் பல் கடித்தால் குடும்பத்துக்கு ஆகாது, திருநீறு பூசிக்கொண்டு படு என்றாள் மற்றொருத்தி. வாயில் துணியை வைத்து அடை என்றாள், தூக்கம் கெட்டவள்.

சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. காலையில் எழும்போதே இரு கன்னங்களும் கல்லாய்க் கனத்தன. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. காதுக்குள் வலித்தது; காது மருத்துவரிடம் காட்டினால், காது தெளிவாக இருக்கிறது என்றார். வாயைத் திறக்கும்போதெல்லாம் காதருகே 'டக்' என்று ஒரு சொடக்கு. பருவத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒருநாள் காலை அந்தச் சொடக்கும் நின்றது. கூடவே வாயும் நின்றுவிட்டது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டு உள்ளே தள்ளினேன். வாய்மொழித் தேர்வில் வாய் திறவாமல் எப்படிப் பதில் சொல்வது?

அம்மா பதறிக்கொண்டு வந்தாள். நகரிலிருந்த தனியார் பல் மருத்துவமனை ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றாள். அங்கே படம் எடுத்தார்கள். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தவில்லை, அதனால்தான் தாடை மூட்டு கெட்டிருக்கிறது என்றார்கள். கடைவாய்ப் பற்களைத் தேய்த்துச் சமன் செய்து, எட்டுப் பற்களுக்கு உறை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். செலவு 70,000 ரூபாய். திங்கட்கிழமை தொடங்கலாம் என்றும் நாள் குறித்தார்கள்.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. தையல் இயந்திரத்தை மிதித்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைக்கிறாள். அந்தத் தொகையைக் கேட்டதும் அவள் ஒன்றும் பேசவில்லை. கழுத்திலிருந்த இரண்டு சவரன் சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பேருந்தில் திரும்பும்போது, "போனா போவுது. வாயில்லாம நீ என்ன டீச்சர் வேலை பார்க்கிறது?" என்றாள். எனக்கோ வேறொரு கேள்வி. தேய்த்த பல் மறுபடி வளருமா?

அக்கேள்வியோடு எங்கள் துறைப் பேராசிரியையிடம் போனேன். அவர் ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்து மூன்று மண்டையோடுகளை மேசைமேல் வைத்தார்: நாய், ஆடு, மனிதன். நாயின் தாடை மூட்டைக் காட்டினார். கதவுக் கீல்போலக் குறுக்காக அமைந்த உருளை. மேலும் கீழும்தான் அசையும். இரையைக் கவ்வ அது போதும். ஆட்டின் மூட்டோ தட்டையானது. பக்கவாட்டில் அரைத்து அசைபோட வசதி. மனித மூட்டு இரண்டையும் செய்கிறது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது கீல்போல் சுழல்கிறது. மேலும் அகலத் திறந்தால் கீழ்த்தாடையின் குமிழ் முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். அந்த வழுக்கல் விரலுக்குத் தெரியும். குமிழுக்கும் மண்டை எலும்புக்கும் நடுவே நார்த்திசுவாலான சிறு வட்டு ஒன்று மெத்தையாக இருக்கிறது. அது முன்னே நழுவி, வாய் திறக்கும்போது இடத்துக்குத் திரும்பினால் 'டக்' என்ற சொடக்கு. திரும்பாமல் வழியை மறித்தால் வாய் திறவாது.

அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருந்த இரண்டு எலும்புகள், பாலூட்டிகளில் நடுக்காதுக்குள் குடியேறிச் சுத்தியும் பட்டறையுமாக மாறிவிட்டன. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ரைகெர்ட் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1837இல் இதற்கு அடித்தளமிட்டார். நம் காதும் தாடையும் அவ்வளவு பழைய அண்டை வீட்டார்! இன்றும் மூட்டுக்கு உணர்வு தரும் நரம்பின் கிளை காதுக்கும் செல்கிறது. மூட்டு வலித்தால் காது வலிப்பதாகத் தோன்றுவது அதனால்தான்.

"சரி மேடம், தேய்த்த பல்?" என்றேன்.

"பற்சிப்பி உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அதில் உயிருள்ள செல் இல்லை. போனால் போனதுதான். தேய்ப்பதற்கு முன்னால் இன்னொருவரைக் கேள், தேய்த்த பின் கேட்டுப் பயனில்லை" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் அம்மாவின் சங்கிலியையும் என் பற்களையும் காத்தது. திங்கட்கிழமை நாங்கள் சென்றது சென்னைக்கு. தாம்பரத்தில் இறங்கி, மின்சார இரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் தொடங்கிய நிறுவனம் அது. சீட்டு வாங்க நீண்ட வரிசை; ஆனால் உள்ளே அவசரம் இல்லை.

எங்களைப் பார்த்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. என் வாய்க்குள் பார்க்கும் முன்பே கேள்விகளைத் தொடங்கிவிட்டார். முதல் கேள்வி: "பாக்கு, பான் மசாலா ஏதாவது போடுறியாம்மா?" எனக்குச் சினம் வந்தது. அவர் விளக்கினார். நம் நாட்டில் இளைஞர்களின் வாய் திறக்காமல் போவதற்குப் பாக்கு ஒரு முக்கியக் காரணம். கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, நாளடைவில் வாய் சுருங்கும். அது புற்றுநோய்க்கு முன்னோடியாகவும் அமையலாம். கடைவாயின் கடைசியில் முளைக்கும் ஞானப்பல்லில் சீழ் பிடித்தாலும் வாய் திறவாது. அவற்றையெல்லாம் விலக்கிவிட்டுத்தான் மூட்டுக்கு வரவேண்டும். பையில் பொட்டலத்தோடு திரியும் நம் கல்லூரித் தோழர்கள் சிலர் இந்த வரிகளை இன்னொரு முறை படிப்பார்களாக.

பிறகு அளவுகோலை வைத்து அளந்தார். என் முன்பற்களுக்கிடையே 24 மில்லிமீட்டர். பெரியவர்கள் பலருக்கும் 40 முதல் 50 வரை திறக்கும். தம் மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்க முடிந்தால் நலம். கன்னத் தசையை அழுத்தினார், உயிர் போயிற்று. "பெரும்பாலும் தசையின் பிடிப்புதான். தூக்கத்தில் மட்டும் கடிக்கிறியா, பகலிலும் கடிக்கிறியா?" என்று கேட்டார். பகலில் இல்லை என்றேன். "இப்ப உன் பல் ரெண்டும் எப்படி இருக்கு?"

நினைத்துப் பார்த்தேன். இறுக்கிக் கடித்தபடி இருந்தது!

ஓய்வாக இருக்கையில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாதாம். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. உண்பது, விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரம் ஏறத்தாழ 20 நிமிடங்கள்தாம். நானோ பதிவேடு எழுதும்போது, பேருந்தில் நிற்கும்போது, குழுக்கடன் தவணை பற்றி அம்மா தொலைபேசியில் சொல்லும்போது, மணிக்கணக்கில் கடித்திருக்கிறேன். பாவம், அந்தத் தசைகளுக்கு விடுமுறையே இல்லை.

பற்களைத் தேய்க்கச் சொன்னார்களே என்று அம்மா கேட்டாள். "உங்க பொண்ணு பல்லு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்மா. ஊர்ல பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கு. மூட்டுல வீக்கம் இருந்தா பல்லு பொருந்துறதே மாறிப்போகும். இன்னைக்கு இருக்கிற கடிப்புக்குத் தேய்ச்சுட்டு, நாளைக்கு வீக்கம் வடிஞ்சா என்ன பண்றது? தேய்ச்சதைத் திருப்பி ஒட்ட முடியுமா?" என்றார் மருத்துவர்.

தேர்வு முடிந்த விடுமுறையில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பற்பொருத்தத்தின்மேல் பழிபோட்ட கதை நெடியது. அமெரிக்காவின் எட்வர்டு ஆங்கிள், முதல் கடைவாய்ப் பல்லை அளவுகோலாகக் கொண்டு 1899இல் பற்பொருத்தக் குறைகளை மூன்றாக வகுத்தார். பல்லுக்குக் கம்பி கட்டுவோர் இன்றும் அவ்வகுப்பைப் பயன்படுத்துகின்றனர். செயின்ட் லூயி நகரத்துக் காது மருத்துவர் காஸ்டன், காதுவலி, தலைவலி, தாடைச் சொடக்கு மூன்றையும் 1934இல் ஒரே நோய்க்கூட்டமாகக் கோத்து, பற்கள் இழந்து தாடை மிகுதியாக மூடிக்கொள்வதே காரணம் என்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ராம்ஃபியோர்டு 1961இல், பொருத்தமின்மையே பல் கடிப்பதைத் தூண்டுகிறது என்று எழுதினார். பல மருத்துவர்கள் பற்களைத் தேய்க்கலாயினர். 1969இல் டேனியல் லாஸ்கின் கதையைத் திருப்பினார்: மன இறுக்கத்தால் தசை களைக்கிறது, களைத்த தசை வலிக்கிறது, பற்பொருத்த மாற்றம் அதன் விளைவாகவும் இருக்கலாம் என்றார்.

உறங்குவோரின் உடலில் கம்பிகளைப் பொருத்தி ஆராய்ந்தவர்கள் மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். கனடாவின் மான்ட்ரியலில் லவீன் குழுவினர் செய்த ஆய்வுகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. முதலில் மூளை சில வினாடிகள் சற்றே விழிக்கிறது; இதயத் துடிப்பு விரைகிறது; அதன்பிறகே தாடைத் தசை இறுகுகிறது; கடைசியில்தான் பல் உரசுகிறது. இந்த ஊர்வலத்தில் பற்கள் கடைசியாக வருபவை! ஊர்வலத்தின் வாலைப் பிடித்துத் தண்டித்தால் தலை நிற்குமா? 2018இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி, மற்றபடி நலமாக இருப்பவர் பல் கடிப்பது நோய் அன்று, தசையின் ஒரு செயலே என்று வரையறுத்தனர். தேய்வும் வலியும் வரும்போதுதான் அது மருத்துவம் வேண்டும் நிலையை அடைகிறது. சொடக்கும் அப்படியே. வலியின்றிச் சொடுக்கும் தாடைகள் ஏராளம். அவற்றை அவற்றின் போக்கில் விட்டுவிடலாம்.

மீளமுடியாத மருத்துவம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கொடிய சான்றும் உண்டு. 1980களில் அமெரிக்காவில் பலருக்குத் தாடை மூட்டின் வட்டை அகற்றிவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கை வட்டைப் பொருத்தினார்கள். மெல்லும் விசையில் அது துகள்துகளாய்ச் சிதைந்தது. சுற்றியிருந்த எலும்பும் அரிக்கப்பட்டது. 1990இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. மறு ஆண்டு அவை திரும்பப் பெறப்பட்டன. ஆனால் நோயாளிகளின் இழந்த எலும்பைத் திரும்பப் பெற முடியவில்லையே! 1996இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய மாநாடு, மீளத்தக்க எளிய மருத்துவத்தையே முதலில் செய்க என்று அறிவுறுத்தியது. எங்கள் பேராசிரியை ஆய்வுக்கூட மேசையருகே சொன்னதும் அதுதானே?

எனக்குக் கிடைத்த மருத்துவத்தைச் சொல்லவேண்டும். சில வாரங்கள் மென்மையான உணவு. காலை மாலை வெந்நீரில் நனைத்த துணி ஒத்தடம். நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, மெல்லத் திறந்து மூடும் பயிற்சி. மாலைக்குமேல் தேநீர், காப்பி வேண்டாம். இரவில் மேற்பற்களுக்கு மாட்டிக்கொள்ள அக்ரிலிக் தகடு ஒன்று. மாவு போன்ற பொருளால் அளவெடுத்து, மாக்கட்டு வார்ப்புச் செய்து, அதன்மேல் உருவாக்கித் தந்தார்கள். 'நைட் கார்டு' என்பார்கள். "இது பல் கடிக்கிறதை நிறுத்தாது. நீ கடிச்சா இது தேயும், உன் பல்லு தேயாது. அவ்வளவுதான். வேண்டாம்னா கழட்டி வச்சிடலாம்" என்றார் மருத்துவர். கழற்றி வைக்கலாம் என்ற அந்தச் சொல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! எல்லாவற்றுக்கும் ஆன செலவு எங்கள் பயணச் செலவைவிடக் குறைவு.

புறப்படும் வேளையில் மருத்துவர் அம்மாவின் முகத்தைச் சற்று உற்று நோக்கினார். "நீங்களும் கொஞ்சம் உட்காருங்கம்மா" என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று அம்மா மறுத்தாள். தலைவலி உண்டா என்று கேட்டார். "அது இருக்கு, பத்துப் பன்னெண்டு வருஷமா. மாத்திரை போட்டுக்குவேன்." வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கொளியில் நானும் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் கடைவாய்ப் பற்களில் மேடுபள்ளமே இல்லை. கொத்தாத அம்மிபோல வழவழவென்று தேய்ந்திருந்தன. கன்னத்தில் கைவைத்துக் கடிக்கச் சொன்னபோது தசை கல்போலப் புடைத்தது. வெற்றிலையும் வயதும்கூடப் பல்லைத் தேய்க்கும், எல்லாவற்றையும் கடிப்பதன் தலையில் கட்டமுடியாது என்றார் மருத்துவர். ஆனால் அந்தத் தசை?

"எப்படிம்மா இவ்வளவு நாள் வலியைத் தாங்கினீங்க?"

"என்ன பண்றது டாக்டர்? அவரு போனப்ப இவளுக்கு எட்டு வயசு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வந்த அத்தனை ஆண்டுகளும் அந்தப் பற்களின்மேல்தான் நடந்திருக்கின்றன என்று தோன்றியது.

அன்று அம்மாவுக்கும் அளவெடுத்தார்கள். ஆறு வாரங்களில் என் வாய் 38 மில்லிமீட்டர் திறந்தது. வாய்மொழித் தேர்வில் பாதி திறந்த வாயாலேயே பதில் சொல்லித் தேறினேன். அம்மாவின் தலைவலி முற்றிலும் போகவில்லை, மாத்திரை குறைந்திருக்கிறது. தவணையும் முடியவில்லை, ஆனால் தவணை நாளில் என்னை அழைத்துப் பேசுகிறாள், வாய்விட்டுப் புலம்புகிறாள். அதுவும் ஒரு மருத்துவம்தான் என்று நினைக்கிறேன். சங்கிலி அவள் கழுத்தில் இருக்கிறது. அறைத்தோழியின் பூச்சி மாத்திரையை மட்டும் நான் விழுங்கவில்லை. பூச்சி இருந்தால் அதற்குத் தனியே மருந்து உண்டு. பல் கடிப்பதற்கு அது மருந்தாகாது.

தோழியரே, தோழர்களே! காலையில் கன்னம் கனத்தால், பல் கூசினால், காது மருத்துவர் காதில் குறையில்லை என்றால், தாடையையும் நினைத்துக்கொள்ளுங்கள். வாய் திறவாது போனால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, எளியதை முதலில் சொல்லும் மருத்துவர் சொல்லை நம்புங்கள். எதையேனும் தேய்க்கவோ, வெட்டவோ, பிடுங்கவோ சொன்னால் மட்டும், இன்னொருவரையும் ஒருமுறை கேளுங்கள். பொறுத்துக்கொள்ளவேண்டியவை வாழ்க்கையில் நிறைய உண்டு; அவற்றைப் பற்களிடம் ஒப்படைக்காமல் அருகில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த வாரம் தேர்வு. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் உங்கள் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். தொட்டால் மெல்லப் பிரித்துவிடுங்கள். உதடு சேர்ந்திருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும். விடை எழுதப் பேனா போதும், பல் எதற்கு?